நாற்பத்து மூன்றாவது கதவு

அந்தத் தெருவில் நாற்பத்திரண்டு கதவுகள். அத்தனை கதவுகளின் சாவியும் எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடிய ஒரே ஆள் சாவியக்கா. ஆட்களின் முகம் அவளுக்குச் சட்டென்று பிடிபடாது. யாராவது வந்து "என்னைத் தெரியலையா?" என்று சிரித்தால், இவளும் பொதுவாக ஒரு சிரிப்பைச் சிரித்து வைப்பாள். சாவியை நீட்டினால் போதும். "அட, இருபத்தேழாம் நம்பர் மாடி வீடு. மழை பெய்ஞ்சா கதவு உப்பிக்குமே, இப்ப எப்படி இருக்கு?" என்று குசலம் விசாரிக்க ஆரம்பித்துவிடுவாள்.

வயது நாற்பத்தைந்து. தொழில் அண்ணனிடமிருந்து வந்தது. அவன் வேலை தேடி வேறு ஊருக்குப் போனபோது சாவி வெட்டும் மெஷின், ஒரு வைஸ், நான்கு அரம், ஒரு டப்பா நிறைய வெட்டாத சாவிகள் எல்லாவற்றையும் தங்கை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "யாராவது கேட்டா கொடுத்துடு" என்று சொல்லிவிட்டுப் போனான். ஒரு வாரம் பார்த்தாள். யாரும் கேட்கவில்லை. எட்டாம் நாள் தன் வீட்டுச் சாவிக்குத் தானே ஒரு நகல் வெட்டினாள். கதவு திறக்கவில்லை. இரண்டாவதாக ஒன்று வெட்டினாள். அது திறந்தது, ஆனால் பக்கத்து வீட்டுக் கதவை. மூன்றாவதுதான் சரியாக வந்தது. பக்கத்து வீட்டைத் திறந்த சாவியை அன்றைக்கே மழுங்க ராவித் தூக்கி எறிந்தாள். இந்தத் தொழிலில் கைத்திறமை இரண்டாவது, கேள்விதான் முதலாவது என்று அன்றைக்கு அவளுக்குப் புரிந்துபோனது.

அந்தக் கேள்வி இதுதான்: "யாரு கதவு?"

சாவி வெட்ட யார் வந்தாலும் மெஷினைத் தொடும் முன் அதைக் கேட்பாள். பதில் சரியில்லை என்றால் கை வேலை செய்யாது. ஒருமுறை ஒரு ஆள் சோப்புக் கட்டியில் சாவியை அழுத்தி எடுத்த தடத்தோடு வந்தான். யாரு கதவு என்று கேட்டதற்குத் திருதிருவென்று விழித்தான். "சோப்பு கையில இருக்கில்ல, முதல்ல போய்க் குளிச்சிட்டு வாங்க" என்று அனுப்பிவிட்டாள். இன்னொரு முறை, சண்டை போட்டுக்கொண்ட புருஷனும் பெண்டாட்டியும் காலையில் ஒருவர், மதியம் ஒருவர் என்று தனித்தனியாக வந்தார்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவருக்குப் புதுச் சாவி வேண்டுமாம். இரண்டு பேரும் ஒன்றாக வந்தால்தான் வெட்டுவேன் என்று சொல்லிவிட்டாள். வந்தார்கள். அவள் எதிரிலேயே அரை மணி நேரம் சண்டை போட்டார்கள். பிறகு களைத்துப்போய் ஆளுக்கொரு சாவி வாங்கிக்கொண்டு ஒரே குடையில் போனார்கள்.

தெருக்கோடியில் இப்போது பூங்கா இருக்கும் இடம் ஒரு காலத்தில் குப்பைமேடாக இருந்தது. நகராட்சி நிலம். சுற்றிலும் கம்பிவேலி, நடுவில் துருப்பிடித்த ஒரு கேட், கேட்டில் தேங்காய் அளவுக்கு ஒரு பூட்டு. சாவி எங்கே என்று கேட்டால் கோப்பில் இருக்கிறது என்றார்கள். கோப்பு எங்கே என்று கேட்டால் தேடுகிறோம் என்றார்கள். தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடமாடியது.

பதினைந்து வருடங்களுக்கு முன் ஒரு நாள், ஆறாம் நம்பரில் இருந்த பேராசிரியர் அந்தக் கேட்டின் முன்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு ஏறி நின்றுவிட்டார். அரசியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். கேட்க ஆள் கிடைக்காமல் வருடக்கணக்காகத் தவித்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கூட்டம் கிடைத்தது. "ஒரு பக்கம் அரசாங்கம் இருக்கு. இன்னொரு பக்கம் சந்தை இருக்கு. ரெண்டுக்கும் நடுவுல, யாரும் கூப்பிடாம தானா சேர்ந்து நிக்கிறாங்களே, அவங்களுக்குப் பேரு குடிமைச் சமூகம். அவங்க நெனச்சா எந்தப் பூட்டும் திறக்கும்" என்றார்.

தெரு கூட்டுகிற அத்தை துடைப்பத்தோடு முன்வரிசையில் நின்றிருந்தாள். யாருக்கும் அவள் அத்தை இல்லை, எல்லாருக்கும் அத்தை. "அவங்க எங்க சார் இருக்காங்க?" என்று கேட்டாள்.

"நீங்கதாம்மா அது."

அத்தை திரும்பித் தன் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாள். யாரும் இல்லை.

எல்லாரும் சாவியக்காவைப் பார்த்தார்கள். அவள் வழக்கம்போல, யாரு கதவு என்று கேட்டாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "நம்ம எல்லாரோடதும்" என்றார். அந்தப் பதில் அவளுக்குப் போதுமானதாக இருந்தது. ஏழு நிமிடத்தில் பூட்டு திறந்தது.

அதற்கப்புறம் நடந்ததை அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் இன்றைக்கும் கை ஆட்டி ஆட்டிச் சொல்வார்கள். நாற்பது நாட்கள் குப்பை அள்ளினார்கள். வக்கீல் குமாஸ்தாவும் பால் போடுகிறவரும் ஒரே கூடையின் இரண்டு காதுகளைப் பிடித்துத் தூக்கினார்கள். நகராட்சிக்கு ஒரு மனு போனது. முதல் கையெழுத்து பேராசிரியர், இரண்டாவது மருந்துக்கடைக்காரம்மா, மூன்றாவது சாவியக்கா, ஆக மொத்தம் அறுபத்தொன்று. நகராட்சி வேறு வழி தெரியாமல், பொதுமக்கள் பயன்பாட்டுக்கு என்று எழுதிக் கொடுத்துவிட்டது. சங்கம் பிறந்தது. சங்கத்தின் முதல் தீர்மானம், கேட்டை ஒட்டி உள்ளே இருந்த நகராட்சியின் பழைய தட்டுமுட்டு அறையை, கேட்டைத் திறந்து கொடுத்த சாவியக்காவுக்குத் தொழில் செய்ய விடுவது. அவள் மேஜையை அறை வாசலில் போட்டாள். அறைக் கதவின் மேல் சாவிப் பலகையை மாட்டினாள். அந்தக் கதவுக்குப் பூட்டு கிடையாது. அதனால் அது ஒரு கதவு என்பதே அவளுக்குத் தோன்றியதில்லை.

சங்கத்தைப் பதிவு செய்ய விதிகள் வேண்டியிருந்தன. விதிகள் எழுத ஒரு ஆள் வேண்டியிருந்தது. முப்பதாம் நம்பர்காரர் வந்தார், செயலாளரும் ஆனார். காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். நல்ல மனிதர். பொய் சொல்ல மாட்டார், வரிசையில் முந்த மாட்டார், யாரையும் முந்தவும் விட மாட்டார். எதற்கும் "நாலாவது விதி, உட்பிரிவு ஆ" என்று ஆரம்பிப்பதால் தெரு அவருக்கு உட்பிரிவு என்றே பெயர் வைத்துவிட்டது. அவருக்கும் அது தெரியும். உள்ளூரப் பெருமைதான்.

அந்த நாலாவது விதி, உட்பிரிவு ஆ, இப்படிச் சொன்னது: இத்தெருவில் கதவு எண் உள்ள இடத்தில் வசிப்பவர் அல்லது தொழில் நடத்துபவர் உறுப்பினர் ஆவார். தொழில் நடத்துபவர் என்பதை மருந்துக்கடைக்காரம்மாவுக்காகச் சேர்த்தார்கள். அவர்தான் தலைவி, ஆனால் குடியிருப்பது வேறு தெருவில். விதி எழுதும்போது யாரையும் வெளியே தள்ள வேண்டும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. எழுதி முடித்தபோது சாவியக்கா, அத்தை, பால் போடுகிறவர் என்று வெளியே சிலர் இருந்தார்கள். அவ்வளவுதான்.

பல வருடங்கள் அது யாருக்கும் உறைக்கவில்லை. சாவியக்கா கூட்டங்களுக்கு வந்தாள், பேசினாள். குழாயைத் தாழ்வாக வைத்தால்தான் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டும் என்று அவள் சொன்னதால்தான் குழாய் இன்றைக்கும் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. பிறகு ஒரு வருடம் கூட்டத்துக்குப் போனால், கடைசி வரிசையில் ஒரு நாற்காலியின் முதுகில் பார்வையாளர் என்று எழுதிய காகிதம் ஒட்டியிருந்தது. உட்பிரிவு மிகுந்த மரியாதையோடு அவளை அதில் உட்கார வைத்தார். அன்றைக்கு அவள் கை தூக்கியபோது, பார்வையாளர் பார்க்கலாம், பேசுவதற்கு விதியில் இடமில்லை என்று அதே மரியாதையோடு சொன்னார்.

அதற்கப்புறம் பூங்காவில் ரோஜாக்கள் காணாமல் போயின. பெஞ்சுகளில் பக்கத்துத் தெரு ஆட்கள் படுத்துத் தூங்கினார்கள். சங்கம் சுவரை உயர்த்தி மேலே ஈட்டி முனைகளை வைத்தது. கேட்டைப் புதிதாகப் போட்டது. மூன்று வருடங்களுக்கு முன் ஒரு வியாழக்கிழமை, உட்பிரிவு ஒரு புதுப் பூட்டோடு சாவியக்காவின் மேஜை முன் வந்து நின்றார். கேட்டுக்குள்ளேயே பதிக்கிற பூட்டு. இரண்டு பக்கமும் சாவித் துவாரம்.

"நாற்பத்திரண்டு நகல் வேணும்மா. உறுப்பினருக்கு ஆளுக்கு ஒண்ணு."

சாவியக்கா பூட்டை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாள். நல்ல பூட்டு. "யாரு கதவு சார்?"

"என்னம்மா இது, பூங்கா கேட்டு."

"அது தெரியுது. யாருது?"

"சங்கத்தோடது."

"நிலம் நகராட்சியோடதுன்னு நீங்கதான பலகையில எழுதிப் போட்டீங்க. பொதுமக்களுக்குன்னு கீழ ஒரு வரி வேற."

உட்பிரிவு பொய் சொல்லத் தெரியாதவர் என்பதால் மறுக்காமல் பூட்டுக்காகக் கையை நீட்டினார். அவள் பூட்டைத் திருப்பிக் கொடுத்தாள். சொந்தக்காரர் வந்து சொன்னால் வெட்டித் தருவதாகச் சொன்னாள். அவர் பூட்டைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டே, ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு இருக்கிறது, பூங்காவுக்குள் தொழில் கூடாது என்று ஒரு தீர்மானம் வருகிறது, முன்கூட்டியே சொல்லிவிடுவது தன் கடமை என்றார். தலையைக் குனிந்துகொண்டுதான் சொன்னார்.

அன்று மாலை வீட்டுக்குப் போனாள். இரண்டு தெரு தள்ளி, மாவு மில்லின் மாடியில் இரண்டு அறை வீடு. மில் ஓடும்போது தட்டில் வைத்த டம்ளர் தானாக நகரும். அவளுடைய வீட்டுக்காரர் பஸ் டிரைவர். டம்ளர் மேஜை விளிம்புக்கு வந்தும் அவள் கவனிக்காததைப் பார்த்து என்ன என்று கேட்டார். சொன்னாள்.

"வெட்டிக் கொடுத்திருக்க வேண்டியதுதான? பஸ்ஸுல ஏறி உட்கார்ந்துக்கிட்டு 'யாரு ரோடு'ன்னு நான் கேட்டா வண்டி நகருமா?"

"உங்க ரோட்டுக்குக் கேட்டு கிடையாது."

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு யோசித்தார். சந்தைப் பக்கம் போனால் ஏற்கெனவே இரண்டு சாவிக்கடைகள் இருக்கின்றன. நடைபாதையில் உட்கார்ந்தால் வெயிலும் மழையும் மெஷினுக்கு ஆகாது. அதெல்லாம் இரண்டு பேருக்கும் தெரிந்ததுதான், பேசத் தேவையில்லை. அவள் பேசியது வேறு. "மூணாவது கையெழுத்து என்னுது. அறுபத்தொண்ணுல மூணாவது" என்றாள். டம்ளரைப் பிடித்து நடுவில் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். உறுப்பினர் அல்லாதவர் கூட்டம் முடியும்வரை வெளியே இருக்க வேண்டும் என்று உட்பிரிவு கேட்டுக்கொண்டார். மேஜையை வெளியே தூக்கினாள். மெஷினைத் தூக்கினாள். கதவில் மாட்டியிருந்த சாவிப் பலகையையும் கழற்றி எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியே நடைபாதையில் கடை விரித்தாள். அத்தை துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஞாயிறும் அவளுக்கு வேலை நாள்தான். மதியச் சாப்பாட்டைப் பூங்கா பெஞ்சில் சாப்பிடுவது அவள் வழக்கம். அன்றைக்கு நடைபாதையில் சாப்பிட்டாள்.

உறுப்பினர்கள் எல்லாரும் உள்ளே போனதும் உட்பிரிவு கேட்டை உள்பக்கமாகப் பூட்டினார். ஓட்டெடுப்பு நேரத்தில் வெளியாள் நுழைந்துவிடக் கூடாதே.

சாவிகளை அவர் சந்தைக் கடையில் வெட்டி வாங்கியிருந்தார். அந்தக் கடைக்காரன் எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. எந்த உலோகத்தில் வெட்டுவது என்றுகூடக் கேட்கவில்லை. கம்பிகளுக்கு இடையில் தெரிந்த சாவியின் நிறத்தைப் பார்த்ததுமே சாவியக்கா அத்தையின் காதில், "பிஸ்கட்டு" என்றாள்.

முதல் தீர்மானத்தை உட்பிரிவே படித்தார். பூங்காவின் பூட்டை உறுப்பினர் தவிர வேறு எவரும் கையாளக் கூடாது. பேராசிரியர் மட்டும் எழுந்து ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர் ஆரம்பித்தால் முடிக்க மாட்டார் என்று எல்லாருக்கும் தெரியுமாகையால் அவசரமாகக் கை தூக்கி நிறைவேற்றினார்கள். கை தட்டினார்கள். இரண்டாவது தீர்மானம் பூங்காவுக்குள் தொழில் பற்றியது. உட்பிரிவு தாளைத் திருப்பிக் கண்ணாடியைச் சரிசெய்தார். வெளியே சாவியக்கா அரத்தை மேஜையில் வைத்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைவிக்கு போன் வந்தது. மருந்துக்கடை வாசலில் ஒருவர் குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து வேண்டும் என்று காத்திருக்கிறார். இரண்டு நிமிடத்தில் வருகிறேன் என்று தலைவி கேட்டுக்கு வந்து சாவியைப் போட்டுத் திருப்பினார். சாவியின் தலை கையோடு வந்தது. உடம்பு பூட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். கொண்டை ஊசி வந்தது. அது வளைந்தது. தேங்காயெண்ணெய் ஊற்றலாம் என்று ஒருவர் சொன்னார், எண்ணெய் வீட்டில் இருந்தது, வீடு வெளியே இருந்தது. சுவர் ஏறலாம் என்று பதினெட்டாம் நம்பர் இளைஞர் பாய்ந்து போய், ஈட்டி முனைகளை ஒரு நிமிடம் அண்ணாந்து பார்த்துவிட்டு, அதை வைக்கச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்ததே தான்தான் என்பது நினைவுக்கு வந்து திரும்பி வந்தார். சந்தைக் கடைக்காரனுக்கு போன் போட்டார்கள். அவன் ஊரில் இல்லை, நாளைக்கு வருகிறானாம். தீயணைப்புக்குச் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். "வந்து, பொது இடத்தை யார் பூட்டினதுன்னு கேட்பாங்க" என்றார் பேராசிரியர். உட்பிரிவு தரையைப் பார்த்தார். பேராசிரியருக்கு வேறு ஒரு அவசரமும் இருந்தது. எழுபத்தெட்டு வயதில் அதைத் தள்ளிப்போட முடியாது. அவர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தார்.

ஒவ்வொருவராக எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள். கேட்டுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், சாவியக்கா மேஜை மேல் பித்தளைத் தூளை ஊதிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, கொஞ்சம் பாரேன்" என்றார் தலைவி.

அத்தை குறுக்கே வந்தாள். "பார்வையாளர்னா பார்க்கலாம்னுதான சொன்னீங்க. மத்தியானத்துலேருந்து பார்த்துக்கிட்டுதான் இருக்கோம்."

சாவியக்கா எழுந்து வந்தாள். பூட்டை வெளிப்பக்கத்திலிருந்து குனிந்து பார்த்தாள். கையை நீட்டினாள். அப்போது தடுத்தவர் யார் என்கிறீர்கள், உட்பிரிவுதான்.

"தொடாதம்மா."

நாற்பத்தோரு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் வேறு ஒரு ஆளாக இருந்தால் பொசுங்கிப் போயிருப்பார். உட்பிரிவு கலங்கவில்லை. பத்து நிமிடம் முன்னால்தான் தீர்மானம் போட்டிருக்கிறோம், உறுப்பினர் தவிர யாரும் பூட்டைத் தொடக் கூடாது, மீறினால் நாளைக்கு நம் தீர்மானத்தை யார் மதிப்பார்கள் என்றார். அப்படியானால் தீர்மானத்தை ரத்து செய் என்று கத்தினார்கள். ரத்து செய்யப் பதினைந்து நாள் அறிவிப்பு கொடுக்க வேண்டும், ஒன்பதாவது விதி. "பதினஞ்சு நாளா" என்று பேராசிரியர் முனகிய முனகல் வெளியே வரை கேட்டது.

உட்பிரிவு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அந்த மனிதரைப் பற்றி யார் என்ன சொன்னாலும், இடுக்கில் மாட்டிய விதிக்கு விதியிலேயே வழி தேடுகிற நேர்மை அவரிடம் இருந்தது. ஆறாவது விதியில் விரல் நின்றது. "விண்ணப்பம் வந்தால், கூட்டத்திலேயே உறுப்பினரா சேர்த்துக்கலாம்." முகம் மலர்ந்தது. உடனே வாடியது. "ஆனா கதவு எண் வேணும். நாலு ஆ."

பேராசிரியர் வேதனையோடு சுற்றுமுற்றும் எங்கே ஒதுங்கலாம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தட்டுமுட்டு அறையின் மேல் அவருடைய கண் போய் விழுந்தது. ஒதுங்கும் எண்ணத்தோடு இரண்டடி வைத்தவர் நின்றுவிட்டார். பன்னிரண்டு வருடம் சாவிப் பலகை தொங்கிய இடத்தில் மட்டும் கதவின் பச்சை வெளுக்காமல் இருந்தது. அந்தப் பச்சைக்கு நடுவில், நகராட்சியின் வெள்ளைப் பெயின்ட்டில், கொஞ்சம் கோணலாக 43 என்று இருந்தது.

உட்பிரிவு போய் நின்று பார்த்தார். விரலால் தொட்டார். அந்த இலக்கத்தைப் பார்த்தபோது அவர் முகத்தில் வந்த சந்தோஷம் கலப்படமில்லாதது. "தொழில் நடத்துபவர்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, பையிலிருந்து விண்ணப்பத் தாளை எடுத்துக் கம்பி வழியாக நீட்டினார். முன்மொழிபவர் பேராசிரியர். அவர் போட்ட கையெழுத்தை அவராலேயே பிறகு படிக்க முடியவில்லை. வழிமொழிபவர் தலைவி.

சாவியக்கா தாளை மேஜையில் வைத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தாள். அவசரப்படவில்லை. பெயர் எழுதினாள், 43 என்று எழுதினாள், கையெழுத்துப் போட்டாள். உள்ளே கைகள் உயர்ந்தன. ஏகமனதாக என்று உட்பிரிவு அறிவித்தார். அவள் பெட்டியிலிருந்து நூல் கனத்தில் தேய்ந்த ரம்பத் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். எல்லாரும் மூச்சை விட்டார்கள்.

"யாரு கதவு?" என்றாள்.

"அம்மா, யாரோடதா இருந்தா என்ன, முதல்ல திற" என்று கெஞ்சினார் பேராசிரியர்.

"நீங்க அன்னைக்கே சொல்லிட்டீங்க சார். நான் செயலாளரைக் கேட்கிறேன்."

உட்பிரிவு பூங்காவின் அறிவிப்புப் பலகையைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். "நகராட்சியோடது. பொதுமக்களுக்கு விட்டது."

"பொதுமக்கள் வெளிய உட்கார்ந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கு சார்."

இந்த முறை அத்தை திரும்பிப் பின்னால் பார்க்கவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு நேராக நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

நாலு நிமிடம் ஆனது. சாவியின் உடைந்த துண்டு ரம்பத்தின் பல்லில் மாட்டிக்கொண்டு மெதுவாக வெளியே வந்தது. உட்பிரிவின் சாவியை வாங்கி, அது உடையாதபடி மெல்லத் திருப்பினாள். கேட் திறந்ததும் முதலில் போனவர் பேராசிரியர். அந்த வயதில் அந்த வேகத்தை யாரும் எதிர்பார்க்கவில்லை. அடுத்து தலைவி, அடுத்து அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தவர்கள். உட்பிரிவு இரண்டாவது தீர்மானத் தாளைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தபோது எதிரில் காலி நாற்காலிகள்தான் இருந்தன. போதிய உறுப்பினர் இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினார்.

சாவியக்கா மேஜையை உள்ளே தூக்கி வைத்தாள். பலகையை மட்டும் வேறு ஆணியில் மாட்டினாள். அந்த வாரமே சங்கம் புதுச் சாவிகள் வெட்டும் வேலையை அவளிடமே கொடுத்தது. இப்போது அவள் உறுப்பினர், கதவின் சொந்தக்காரர்களில் ஒருத்தி. பித்தளையில் நாற்பத்து மூன்று வெட்டினாள். நாற்பத்து மூன்றாவதைத் தன் கொத்தில் கோத்துக்கொண்டாள். நடக்கும்போது அது இடுப்பில் இடித்தது. இடிப்பது பிடித்திருந்தது. வீட்டில் சும்மா சும்மா சாவிக்கொத்தை மேஜையில் வைத்தாள், எடுத்தாள். வீட்டுக்காரர் எழுந்து நின்று, "உறுப்பினர் அம்மாவுக்குச் சோறு போடலாமா?" என்று கேட்டார்.

அடுத்த புதன்கிழமை மதியம், அத்தை சாப்பாட்டு டப்பாவோடு கேட்டுக்கு வந்தாள். பூட்டியிருந்தது. உள்ளே சாவியக்கா மேஜையில் இருந்தாள்.

"ஏ சாவி, திற. பசிக்குது."

சாவியக்கா சாவியை எடுத்தாள். கேட்டுவரை வந்தாள். அங்கே நின்று, "திறக்கிறேன் அத்தை. ஆனா உறுப்பினர் யாராவது கூட இருந்தாத்தான் வெளியாளை..." என்று ஆரம்பித்தாள். பாதியில் நின்றுவிட்டாள்.

அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "ஒரே வாரம்டி. ஒரே வாரத்துல உட்பிரிவு ஆயிட்ட."

சாவியக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை. காது மடல் சுட்டது. அத்தையை உள்ளே விட்டாள். அத்தை பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டு முடிப்பதற்குள் நாலு திருகாணிகளைக் கழற்றி, கேட்டிலிருந்து பூட்டை முழுசாக வெளியே எடுத்துவிட்டாள். அது இருந்த இடத்தில் ஒரு சதுர ஓட்டை. அதன் வழியாக எதிர்வீட்டுச் சுவர் தெரிந்தது.

மாலையில் உட்பிரிவு வந்து ஓட்டையைப் பார்த்தார். "பூட்டு எங்கம்மா?"

"உள்ள ஒரு ஸ்பிரிங் தளர்ந்திருக்கு சார். பழுது பார்க்கணும். உறுப்பினர்தான் தொடலாம்னு தீர்மானம் இருக்கு, அதான் நானே எடுத்துட்டேன்."

அவர் தீர்மானத்தை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். குறை ஒன்றும் தென்படவில்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

மூன்று வருடமாகப் பூட்டு அவள் பெட்டியில் இருக்கிறது. ஒவ்வொரு பொதுக்குழுவிலும் நாலாவது பொருள் அதுதான். ஸ்பிரிங் வந்துவிட்டதா என்று உட்பிரிவு கேட்பார். இன்னும் வரவில்லை என்பாள். பழுது பார்க்கும் பணி நடைபெற்று வருகிறது என்று அவர் எழுதிக்கொள்வார். ரோஜாக்கள் இப்போதும் அவ்வப்போது காணாமல் போகின்றன. பக்கத்துத் தெரு ஆட்கள் இப்போதும் தூங்குகிறார்கள், அதைப் பற்றி இப்போதும் சண்டை நடக்கிறது. சாவியக்காவே இரண்டு முறை அவர்களை எழுப்பித் திட்டியிருக்கிறாள். காலை நடைக்கு வரும் உட்பிரிவு, இரண்டு கையையும் பின்னால் கட்டியபடியே முழங்கையால் கேட்டைத் தள்ளித் திறந்துகொண்டு வருகிறார். ஸ்பிரிங் பற்றி அந்த நேரத்தில் அவர் கேட்டதே இல்லை.

போன மாதம் நடந்த பொதுக்குழுவில் ஒரு புது விண்ணப்பம் வந்தது. அத்தையுடையது. முன்மொழிபவர் சாவியக்கா. உட்பிரிவு தாளைக் கையில் வாங்கி, கதவு எண் என்ற கட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணு முதல் நாற்பத்து மூணு வரைக்கும்னு போட்டிருக்கே?"

"ஆமா சார். அத்தனை கதவு முன்னாடியும் தினம் நான்தான தொழில் நடத்துறேன். உங்க வாசல்ல ஆறரை மணிக்கு."

கூட்டம் சிரித்தது. உட்பிரிவு சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தை எடுத்தார். நாலாவது விதியைப் படித்தார், உட்பிரிவு ஆ படித்தார், அடிக்குறிப்பைப் படித்தார். ஒரு ஆளுக்கு எத்தனை கதவு எண் இருக்கலாம் என்று எங்கேயும் இல்லை. சாவியக்கா முன்வரிசையில் உட்கார்ந்து அவருடைய விரல் நகர்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் இருந்த சாவிக்கொத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

நெடுநேரம் கழித்து அவர் புத்தகத்தை மூடினார். "எல்லா எண்ணையும் தனித்தனியா எழுதணும்மா. இந்தக் கட்டம் பத்தாது. தனித் தாள்ல எழுதி இணைச்சுக் கொடுங்க."

அத்தை இடுப்பில் செருகியிருந்த தாளை எடுத்து நீட்டினாள். ஒன்றிலிருந்து நாற்பத்து மூன்று வரை, வரிசையாக, முந்தின நாளே எழுதி வைத்திருந்தாள்.